தண்டவாளம் நீங்கிய வழிகள்

ஒரு நாட்டின் வரலாற்றை அறிய விழைவோர் அந்நாட்டு மன்னர்தம் பெயர் வரிசையை நெட்டுருச் செய்தல் மட்டும் போதாது. அந்நாட்டு வழிகளையும் ஆராய்தல் வேண்டும். ஒரு வழியை அமைத்தவர் யாவர், எதன்பொருட்டு அமைத்தனர், அதனிற் சென்றவர் யாவர், செல்லாது தடுக்கப்பட்டவர் யாவர் என்னும் வினாக்களுக்கு விடை காண்போமாயின், அந்நாட்டு மக்களின் வாழ்வும் தாழ்வும் ஒருங்கே நமக்குப் புலனாகும்.

இக்காலத்தே பெருவழிகளெல்லாம் மோட்டார் வண்டிகளுக்கே உரியன போலாயின. துவிச்சக்கர வண்டியிற் கல்லூரிக்கு வருவோர் இதனை நன்கு அறிவர். பின்னே வரும் பேருந்தின் ஊதொலி செவியிற் பட்டவுடன் சாலையோரத்துப் புழுதியில் இறங்கி நின்று, அது சென்ற பின்னர் மீண்டும் ஏறி மிதித்தல் நம்மிற் பலர்க்கு நாடோறும் நிகழுஞ் செயலாகும். இங்ஙனம் அஞ்சி ஒதுங்க வேண்டாத வழியொன்று உண்டு எனின், அதுவும் மலைநாட்டில் மூச்சு வாங்கும் ஏற்றமின்றி உண்டு எனின், கேட்போர் நம்புதல் அரிது. ஆயினும் ஆங்கில நாட்டின் நடுவே பீக் நாடு எனப்படும் மலைப்பகுதியில் அத்தகைய வழிகள் பல உள. அவற்றுள் சிறந்த நான்கினைப்பற்றி யாம் அறிந்தவற்றை ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

பீக் நாடு

பீக் என்னும் ஆங்கிலச் சொல் மலைமுடியைக் குறிக்குமாயினும், இந்நாட்டிற் கூரிய முடிகள் மிகுதியாக இல்லை. பண்டைக் காலத்தில் ஆங்கு வாழ்ந்த ஒரு கூட்டத்தாரின் பெயரினின்றும் இப்பெயர் பிறந்ததென ஆராய்ச்சியாளர் கருதுவர். இதன் மிக உயர்ந்த இடமாகிய கிண்டர் ஸ்கௌட் 636 மீட்டர் உயரமே உடையது. நீலகிரியை அறிந்த நமக்கு இது சிறு குன்றாகவே தோன்றும். எனினும் குன்றுகள் சிறியனவாயினும் அவற்றிடையேயுள்ள பள்ளத்தாக்குகள் செங்குத்தானவை. வடபகுதி மணற்பாறையாலும் சேற்றுநிலத்தாலும் இருண்டு காணப்படும். தென்பகுதி சுண்ணாம்புக் கல்லாலாகி வெளிறித் தோன்றும். இச்சுண்ணாம்புக் கல்லை ஆறுகள் நெடுங்காலம் அறுத்து ஆழ்ந்த பள்ளத்தாக்குகளை உண்டாக்கியுள்ளன. யாம் கூறப்போகும் வழிகள் நான்கும் இத்தென்பகுதியைச் சார்ந்தனவே.

இந்நாட்டைச் சுற்றி மான்செஸ்டர், ஷெபீல்டு, டர்பி முதலிய கைத்தொழில் நகரங்கள் சூழ்ந்திருக்கின்றன. வாரமெல்லாம் ஆலைப் புகையில் உழைத்தோர் ஞாயிற்றுக்கிழமையில் நல்ல காற்றை நாடி இக்குன்றுகளுக்கு வருவர். ஆனால் குன்றுகளிற் பல செல்வர்களின் வேட்டை நிலங்களாய் இருந்தமையின் ஏழையர்க்கு ஆங்குக் காலடி வைக்கவும் உரிமை இல்லாதிருந்தது. 1932-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் நூற்றுக்கணக்கான தொழிலாளர் தடையை மீறிக் கிண்டர் ஸ்கௌட்டின்மீது ஏறினர். அவருள் ஐவர் சிறை புகுந்தனர். அக்கிளர்ச்சி வீண்போகவில்லை. 1949-இல் தேசியப் பூங்காக்களுக்கென ஒரு சட்டம் இயற்றப்பெற்றது. 1951-இல் பீக் நாடே அத்தேசத்தின் முதல் தேசியப் பூங்காவாயிற்று. வழிக்காகச் சிறை சென்றோர் வாழ்ந்த நிலம் இது என்பதை மனத்திற்கொண்டு மேலே செல்வோம்.

ஏற்றமில்லா வழி அமைந்தது எங்ஙனம்?

துவிச்சக்கர வண்டி ஓட்டுவோர்க்கு ஏற்றமே பெரும் பகை. வண்டியும் ஆளுஞ் சேர்ந்து 90 கிலோ எடை எனக் கொள்வோம். பத்தடி செல்ல ஓரடி உயரும் சாலையில் ஒரு கிலோமீட்டர் சென்றால், அவ்வெடை முழுவதையும் 100 மீட்டர் மேலே தூக்கியாதல் வேண்டும். அஃதாவது ஏறக்குறைய முப்பது மாடிக் கட்டடத்தின் உச்சிக்குச் சுமந்து செல்வதற்கு ஒப்பாகும். நூறடி செல்ல ஓரடி உயரும் பாதையில் அதே தூரத்திற்கு 10 மீட்டர் ஏறினாற் போதும். அது மூன்று மாடி ஏறுவதற்கு ஒப்பாகும். முன்னதில் இளைஞரும் இறங்கித் தள்ளுவர். பின்னதில் முதியோரும் உரையாடிக்கொண்டே செல்வர்.

பீக் நாட்டு ஊர்ச்சாலைகள் முன்னதைப் போன்றவை. குதிரையும் கழுதையும் ஏறக்கூடிய இடத்தில் அவை நேரே ஏறிவிட்டன. இருப்புப்பாதைக்கு அது இயலாது. வழுவழுப்பான இரும்புச் சக்கரம் வழுவழுப்பான தண்டவாளத்தின்மேல் உருளுங்கால் உராய்வு மிகக் குறைவு. அதனால் சமநிலத்தில் ஓர் எஞ்சின் பெருஞ்சுமையை எளிதில் இழுக்கும். ஆனால் அக்காரணத்தினாலேயே ஏற்றத்திற் சக்கரம் பற்றுக்கோடின்றிச் சுழலும். ஆகையால் பாதை அமைத்த பொறிவல்லுநர் மலையைப் பாதைக்கு இணங்கச் செய்தனர். மேடுகளை வெட்டினர், பள்ளங்களை மண்ணிட்டு உயர்த்தினர், ஆற்றின் குறுக்கே வளைவுப் பாலங்களை எழுப்பினர், மலையைக் குடைந்து குகைவழிகளைச் சமைத்தனர். ஏசாயா தீர்க்கதரிசி கண்ட பெருவழியின் காட்சி வேதம் பயின்ற நமக்கு இங்கு நினைவிற்கு வாராதிராது.

இவ்வளவு பொருளும் உழைப்பும் செலவிட்டது எஞ்சினுடைய வலியின்மையை முன்னிட்டே. தண்டவாளங்களைப் பெயர்த்து எடுத்த பின்னரும் அந்த வெட்டுக்களும் கரைகளும் பாலங்களும் குகைகளும் நிலத்தில் நின்றுவிட்டன. எஞ்சினின் வலியின்மைக்காகச் செய்தது மனிதனுடைய வலியின்மைக்கு இன்று துணையாயிற்று. யாம் கூறும் நான்கு வழிகளும் புகைவண்டி நீத்த இருப்புப்பாதைகளே.

மானிபோல்டு வழி

இவற்றுள் முதலிற் பொதுவழியானது மானிபோல்டு ஆற்றங்கரை வழி. ஸ்டாபோர்டுஷயரில் வாட்டர்ஹௌசஸ் என்னும் ஊரிலிருந்து ஹல்ம் எண்ட் வரை 8 மைல் நீளமுடையது. இங்கு இரண்டரையடி அகலமே உள்ள சிறிய இருப்புப்பாதை 1904-இல் திறக்கப்பெற்றது. இதனை அமைத்த பொறிவல்லுநர் எவரார்டு கால்த்ராப் என்பார். நம் தேசத்தினர்க்கு இவர் அயலார் அல்லர். அன்றைய பம்பாய் மாகாணத்தைச் சேர்ந்த பார்சி என்னும் ஊருக்கு 1897-இல் திறக்கப்பெற்ற சிறிய இருப்புப்பாதை இவர் செய்ததே. குறைந்த செலவிற் சிற்றூர்களுக்குப் புகைவண்டி விடும் முறையைப் பார்சியிற் கற்று, அதனை மானிபோல்டில் இவர் மேற்கொண்டார். மேனாட்டார் நமக்குக் கற்பித்தனர் என்றே எப்பொழுதுங் கேட்டுவரும் நாம், இந்திய மண்ணிற் கைவந்த அனுபவம் ஆங்கிலப் பள்ளத்தாக்கிற் பயன்பட்ட இச்செய்தியை மறத்தலாகாது.

பாலே இப்பாதையின் பெருஞ்சரக்கு. மோட்டார் லாரிகள் பால் கொண்டுசெல்லத் தொடங்கவே, பாதை 1934-இல் மூடப்பட்டது. மூன்றே ஆண்டுகளில், 1937-இல், தண்டவாளமிருந்த இடம் நடப்போர்க்கும் துவிச்சக்கர வண்டியினர்க்கும் வழியாயிற்று. கோடைக்காலத்தில் மானிபோல்டு ஆறு இடைவழியிலேயே சுண்ணாம்புப் பாறைக்குள் மறைந்து, நிலத்தின்கீழ் ஓடி, இலாம் என்னும் ஊரருகே மீண்டும் வெளிப்படும். வறண்ட ஆற்றின் கரையிலே செல்வோர் தம் காலடியில் நீர் ஓடுவதை அறியாராய்ச் செல்வர். தார் என்னும் பெருங்குகை வழியின்மேல் வாய் திறந்து நிற்கும் காட்சியும் காணத்தக்கது. ஒன்று மட்டும் எச்சரிக்கை: இவ்வழியில் ஸ்வெயின்ஸ்லி குகையை அடுத்த ஒரு பகுதியில் மோட்டார் வண்டிகளுஞ் செல்லும். குழந்தைகளை அழைத்துச் செல்வோர் அங்கே கருத்தாயிருத்தல் வேண்டும்.

ஹை பீக் வழி

நான்கனுள் மிகப் பழமை வாய்ந்தது கிராம்போர்டு, ஹை பீக் இருப்புப்பாதை. மலையின் இருபுறத்துமிருந்த இரு கால்வாய்களையும் இணைக்க வேண்டியிருந்தது. ஆனால் மேட்டுநிலத்தில் மற்றொரு கால்வாய்க்குப் போதிய நீர் இல்லை. எனவே 1825-இல் அனுமதி பெற்று, ஜோசையாஸ் ஜெஸ்ஸாப் என்னும் வல்லுநரின் திட்டப்படி, நீருக்குப் பதிலாக இரும்பைப் பரப்பினர். 1830-இலும் 1831-இலும் 33 மைல் பாதை திறக்கப்பெற்றது. இது கால்வாய் வெட்டுவோர் மனப்பான்மையிற் பிறந்த பாதையாதலின் நிலையங்களையும் படகுத்துறை என்றே அழைத்தனர். சமநிலத்தில் முதலில் குதிரைகள் வண்டிகளை இழுத்தன. செங்குத்தான சரிவுகளிலோ, உச்சியில் நிறுத்திய நீராவி இயந்திரங்கள் வண்டிகளைக் கயிற்றிற் கட்டி மேலே இழுத்தன. மிடில்டன் உச்சியில் 1829-இற் செய்த இயந்திரம் 1963 வரை உழைத்து, இன்றும் அங்கே காட்சிப்பொருளாய் நிற்கின்றது.

1967-இல் இப்பாதை முற்றும் மூடப்பட்டது. இதனில் ஏறக்குறைய 17 மைல் இன்று பொதுவழி. இவ்வழியிற் செல்வோர் ஓர் உண்மையை நினைவிற்கொள்ளல் வேண்டும். கயிறு இழுத்த சரிவுகள் எட்டடிக்கு ஓரடி அளவிற் செங்குத்தானவை. யாம் மேலே கூறிய இருப்புப்பாதை இலக்கணம் அவற்றிற்குப் பொருந்தாது. ஆகையால் அறிந்தோர் மிடில்டன் உச்சியிலிருந்து தொடங்கி மேற்கே செல்வர். மேட்டுநிலத்தில் கல்லடுக்கிய கரைகளின்மேல் வழி நெடிது செல்லும். காற்று வலிது வீசும் இடமாதலின், மழைச்சட்டையும் கதகதப்பான மேலாடையும் கோடையிலும் உடன் வேண்டும்.

இவ்வழியின் கீழ்த்திசை முனைக்கு அருகே உள்ளது கிராம்போர்டு. ரிச்சர்டு ஆர்க்ரைட் 1771-இல் நீர்விசையால் பஞ்சு நூற்கும் ஆலையை நிறுவிய இடம் அதுவே. அவ்வாலையும் அதன்வழி வந்த ஆலைகளும் நூற்ற நூல், பின்னாளில் நம் நாட்டு இராட்டைகளை ஓயச்செய்த கதையை நாம் அறிவோம். இன்ப உலாவிற்கென வந்தோரும் அவ்வாலையின் முன் சிறிது நின்று சிந்தித்தல் தகும்.

டிஸ்ஸிங்டன் வழி

பார்ஸ்லி ஹே என்னுமிடத்தில் ஹை பீக் வழியோடு வந்து கூடுவது டிஸ்ஸிங்டன் வழி. ஆஷ்போர்ன் என்னும் ஊரிலிருந்து 13 மைல் நீளமுடையது. 1899-இல் திறக்கப்பெற்ற இருப்புப்பாதை இது, 1960-களில் மூடப்பட்டது. தேசியப் பூங்காக் கழகத்தார் நிலத்தை வாங்கி 1971-இல் பொதுவழியாக்கினர். ஆஷ்போர்னிலிருந்து வடக்கே செல்லுங்கால் வழி மெல்லமெல்ல ஏறும். உடல் வலியுள்ள காலையில் ஏறிச்சென்று, களைத்த மாலையில் இறங்கி வருதல் நலம். பார்ஸ்லி ஹேயிலும் ஆஷ்போர்னிலும் துவிச்சக்கர வண்டிகளை வாடகைக்குத் தரும் நிலையங்கள் உள. கால் வலியிழந்தோர் கையாற் சுழற்றிச் செல்லும் வண்டிகளும், இருவர் அமர்ந்து செல்லும் வண்டிகளும் இத்தகைய வழிகளில் ஓடுகின்றன. செங்குத்துச் சாலை இவர்களை என்றும் வீட்டிலேயே இருத்தியிருக்கும்.

டிஸ்ஸிங்டன் ஊரின் கிணற்றலங்காரம் கிறிஸ்தவ மாணாக்கராகிய நமக்குச் சுவை தருவது. ஆண்டுதோறும் நம் ஆண்டவர் பரமேறிய திருநாளை ஒட்டி ஊரிலுள்ள கிணறுகளையும் ஊற்றுக்களையும் மலரால் அணிசெய்வர். பலகையிலே ஈரக் களிமண்ணைப் பரப்பி, அதன்மேல் மலரிதழ்களையும் இலைகளையும் ஒவ்வொன்றாய்ப் பதித்து, பெரும்பாலும் வேதக் காட்சியொன்றைச் சித்திரமாக அமைப்பர். மார்கழி விடியலில் வாயிலிற் கோலமிட்டுப் பூ வைக்கும் கைகளை அறிந்த நமக்கு அக்கைகள் அந்நியமல்ல. பதினான்காம் நூற்றாண்டின் கொள்ளைநோய்க் காலத்தில் தம் கிணற்றுநீர் தூயதாயிருந்து தம்மைக் காத்ததென்பது அவ்வூர் மரபு.

மான்சல் வழி

காட்சியழகில் நான்கனுள் முதன்மையானது மான்சல் வழி. லண்டனையும் மான்செஸ்டரையும் இணைத்த பெரும் இருப்புப்பாதையின் ஒரு பகுதி இது. இங்கே பாதை 1863-இல் திறக்கப்பெற்றது. பள்ளத்தாக்கின் அழகைக் குலைத்த இப்பாதையைக் கலையறிஞர் ஜான் ரஸ்கின் கடுஞ்சினத்துடன் கண்டித்தெழுதினார். பக்ஸ்டன் நகரிலுள்ள அறிவிலி அரைமணியிற் பேக்வெல் செல்வதற்காகவும், பேக்வெல் அறிவிலி அங்ஙனமே பக்ஸ்டன் செல்வதற்காகவும் ஒரு தெய்வப் பள்ளத்தாக்கை அழித்தீரே என்பது அவர் கூற்றின் சாரம்.

1963-ஆம் ஆண்டில் டாக்டர் பீச்சிங் என்பார், ஆதாயந்தராத 2,363 நிலையங்களையும் சுமார் 5,000 மைல் பாதைகளையும் மூடவேண்டுமென அறிக்கை விடுத்தார். மூடும் அலை நாடெங்கும் வீசிற்று; மான்சல் பாதையும் 1968-இல் மூடப்பட்டது. 1981-இல் நடைவழியாகத் திறந்தபொழுது குகைகள் அடைபட்டே இருந்தன. நடப்போர் ஒவ்வொரு குகையையும் சுற்றி மலையேறி இறங்க வேண்டும். துவிச்சக்கர வண்டிக்கு அது இயலாது. சுமார் 22½ இலட்சம் பவுன் செலவிற் செப்பனிட்டு, 2011-ஆம் ஆண்டு மே மாதத்திற் குகைகளைத் திறந்தனர். அவற்றுள் நான்கு ஒவ்வொன்றும் சுமார் 400 மீட்டர் நீளமுடையவை. பகலில் விளக்குகள் எரியும். இன்று 8½ மைல் இடையறாத வழி. ஹெட்ஸ்டோன் குகையின் இருளினின்றும் வெளிப்பட்டவுடன் ஐந்து வளைவுகளையுடைய பாலம் ஆற்றின்மேல் நிற்கும். ரஸ்கின் பழித்த அப்பாலத்தையே இடித்துவிடலாகாதென இன்று சட்டத்தாற் காக்கின்றனர். பழித்தவரும் பிழைத்தவரல்லர், காப்பவரும் பிழைப்பவரல்லர். காலம் கல்லின்மேற் பாசி படரச்செய்து இருவரையும் ஒன்றுபடுத்திற்று.

இவ்வழியினின்று நோக்கினாற் கீழே லிட்டன் ஆலை தோன்றும். லண்டன் முதலிய இடங்களின் அனாதை விடுதிகளிலிருந்து கொண்டுவரப்பெற்ற குழந்தைகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே அடியும் பசியும் பட்டு உழைத்தனர். அவருள் ஒருவராகிய ராபர்ட் பிளின்கோவின் வரலாறு 1832-இற் சிறுநூலாய் வெளிவந்து மக்கள் மனத்தை உருக்கிற்று. இன்று குழந்தைகள் பெற்றோருடன் நகைத்துக்கொண்டு வண்டி மிதித்துச் செல்லும் வழியின்கீழ் அக்கட்டடம் நிற்கின்றது.

எழுந்துள்ள வழக்கு

இங்ஙனம் நன்மை மிக்க வழிகளுக்கும் குறையும் வழக்கும் உண்டு. புகைவண்டி நின்றபொழுது சொந்த வண்டியில்லா ஏழையர் சந்தைக்கும் மருத்துவசாலைக்கும் செல்ல வகையின்றி நின்றனர். இன்றோ இவ்வழிகளை அடைவதற்கே பலர் துவிச்சக்கர வண்டியை மோட்டார் வண்டியின் பின்னே கட்டிக்கொண்டு வருகின்றனர். மோட்டார் இல்லா வழிக்கு மோட்டாரில் வருதல் முரணன்றோ! இதனால் மான்சல் பள்ளத்தாக்கில் மீண்டும் புகைவண்டி விடவேண்டுமென ஒரு சாரார் வற்புறுத்துகின்றனர். குகைகளில் இரண்டிற்கும் இடமில்லை. குழந்தைகளும் முதியோரும் ஊனமுற்றோரும் பெற்ற வழியைப் பறிக்கலாகாதென மற்றொரு சாரார் மறுக்கின்றனர்.

இருவர் கூற்றிலும் அறம் உண்டு. புகைவண்டியும் ஏழையின் ஊர்தியே. துவிச்சக்கர வண்டியும் ஏழையின் ஊர்தியே. ஏழையை ஏழையோடு பொருதவிட்டுப் பெருஞ்சாலை தன் அகலத்தில் ஓரடியும் குறையாதிருத்தல் முறையன்று. புகைவண்டி வருவதாயின், அதற்கு முன்னரே அதே அளவு ஏற்றமில்லா மாற்றுவழியொன்று அமைத்துத் தருதல் வேண்டும். அமைக்க இயலாதாயின், இருக்கும் வழியை எடுத்தலாகாது. இதுவே எம் கருத்து.

ஒன்று மட்டும் இருசாரார்க்கும் பொது. இன்று இவ்வழக்கை நிகழ்த்துதற்கு ஒரு வழி எஞ்சியிருப்பதே, ஒருகாலத்திற் சிலர் அந்நிலத்தைத் துண்டு துண்டாக விற்றுவிடாமல் முழுதாய்க் காத்தமையாலன்றோ! பிரிட்டனில் மூடப்பட்ட பாதைகள் பல, பாலம் இடிக்கப்பட்டும் வயலொடு கலந்தும் மறைந்தொழிந்தன. அவற்றை மீண்டும் இணைத்தல் அரிது. மான்சல் குகைகள் மூடி 43 ஆண்டுகள் இருளிற் கிடந்தும், இடியாமல் நின்றமையால், ஒருநாள் திறத்தற்கு இடமிருந்தது. பயனற்றது என்று ஒரு தலைமுறை கைவிட்ட பொருளை அழிக்காமல் வைத்திருந்தால், அதன் பயனை அடுத்த தலைமுறை கண்டுகொள்ளும். சாலையோரப் புழுதியில் இறங்கி நிற்கும் நாமும் நம் ஊர்ப் பழைய வழிகளை, அவை ஒற்றையடிப் பாதையாயினும் ஆற்றங்கரையாயினும், இக்கண்கொண்டு ஒருமுறை நோக்குவோமாக.